பஞ்சம் வருவது வானத்தாலா, மடையைப் பிடித்திருக்கும் கையாலா?

துலாக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

உலக அரசியலின் ஆபத்துகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஒரே சங்கிலியைத்தான் காட்டுகிறார்கள். பருவநிலை மாறும், மழை பொய்க்கும், நீரும் உணவும் குறையும், மக்கள் ஊர் ஊராகப் பெயர்வார்கள், போர் மூளும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை யாரும் எண்ணுவதில்லை. குறைபாட்டுக்கும் கலவரத்துக்கும் நடுவில் யாரோ ஒருவர் ஒரு முடிவை எடுக்கிறார். மடையை அடைக்கிறார், மானியத்தை வெட்டுகிறார், ஏற்றுமதியை நிறுத்துகிறார். ஆபத்தின் பெரும்பகுதி அந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் சான்று 2008ஆம் ஆண்டின் அரிசி நெருக்கடி. அந்தப் பருவத்தில் உலகில் நெல் விளைச்சல் குறையவில்லை. நல்ல அறுவடைதான். கோதுமை விலைதான் முதலில் ஏறியது. கோதுமையை அதிக விலைக்கு வாங்குவதைவிட உள்நாட்டு அரிசியைப் பிடித்து வைப்பது மேல் என்று கருதிய இந்தியா, 2007 அக்டோபரில் பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வியட்நாமும் கதவைச் சாத்தியது. உலகில் விளையும் அரிசியில் மிகச் சிறு பங்குதான் எல்லை தாண்டி விற்பனைக்கு வருகிறது. ஆகவே இரண்டு கதவுகள் சாத்தப்பட்டதுமே சந்தை இறுகிவிட்டது. பெரும் இறக்குமதியாளரான பிலிப்பைன்ஸ் பதறிப்போய், கேட்ட விலைக்கெல்லாம் வாங்கத் தயார் என்பதுபோல் பெரிய பெரிய டெண்டர்களை விட்டது. அந்தப் பதற்றத்தைப் பார்த்து மற்றவர்களும் பதுக்கினார்கள். ஜனவரியில் டன்னுக்கு 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது.

இறங்கிய விதத்தையும் கவனியுங்கள். உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி இறக்குமதி செய்த வெளிநாட்டு அரிசியை ஜப்பான் கிடங்குகளில் அடுக்கி வைத்திருந்தது. அதை வெளியே விற்க அமெரிக்கா மறுப்புச் சொல்லாது என்ற செய்தி மே மாதத்தில் பரவியது. விலை சரியத் தொடங்கிவிட்டது. அந்தக் கிடங்கு அரிசி பெரிய அளவில் கப்பலேறக்கூட இல்லை. இருப்பு இருக்கிறது, கதவு திறக்கக்கூடும் என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

ஆனால் அதற்குள் அடி விழுந்துவிட்டது. ஹெய்தியில் உணவு விலைக் கலவரம் வெடித்து, 2008 ஏப்ரல் 12 அன்று பிரதமர் ழாக் எதுவார் அலெக்சி பதவியிழந்தார். ஹெய்தி ஏன் அவ்வளவு எளிதில் சாய்ந்தது? அரிசி இறக்குமதி வரியை 1995இல் 3 சதவீதமாகக் குறைத்ததால் மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிந்து, உள்நாட்டு நெல் விவசாயம் நொடித்துப்போயிருந்தது. அதுவும் ஒரு முடிவுதான். அந்த ஆண்டின் மழைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

எனவே நாம் மழைமானியைப் பார்க்கும் அளவுக்கு மடையைப் பிடித்திருக்கும் கைகளையும் பார்க்க வேண்டும். இதை மறுப்பவர்கள் சான்றுகளோடு வாருங்கள்.

வடகாற்று

மறுக்கிறேன், ஆனால் முழுவதையும் அல்ல. 2008ஐப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அந்த ஒரு நிகழ்வை வைத்து வானத்தை விடுதலை செய்துவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இரண்டே ஆண்டுகள் தள்ளிப் பாருங்கள். 2010 கோடையில் ரஷ்யாவைப் பெரும் வெப்ப அலை வாட்டியது. வயல்கள் கருகின, காடுகள் எரிந்தன, தானிய அறுவடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகஸ்ட் 15 முதல் ரஷ்யா தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை ஒரு முடிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது வெப்பம். செப்டம்பர் தொடக்கத்தில் மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ரஷ்ய வயலுக்கும் மபூட்டோவின் தெருவுக்கும் இடையே சில வாரங்கள்தான்.

நீங்கள் கவனிக்காமல் விட்டது இன்னொன்று: இரண்டு அடிகள் ஒரே நேரத்தில் விழுவது. 2023இல் பனாமாவில் வறட்சி. அங்குள்ள கப்பல் கால்வாய் கடல்நீரால் இயங்குவதில்லை. கத்தூன் ஏரியின் நன்னீரை மதகுகளில் நிரப்பித்தான் கப்பலை மேலே ஏற்றி மறுபுறம் இறக்குகிறார்கள். ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. நாட்டு மக்களில் பாதிப்பேருக்கு மேல் குடிநீரும் அந்த நீர்ப்பரப்பிலிருந்துதான். ஏரி இறங்கியதும், நாளொன்றுக்கு 36 கப்பல்கள் போன வழியில் 24 மட்டுமே விடப்பட்டன. சரி, சூயஸ் வழியாகச் சுற்றலாம் என்று நினைத்தவர்களுக்கு அதே ஆண்டு நவம்பரில் செங்கடலில் யேமனின் ஹூதி ஆயுதக் குழுவின் தாக்குதல் தொடங்கியது. ஒரு கால்வாயை வறட்சியும் மற்றொன்றை ஏவுகணையும் நெருக்கின. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின.

இதில் பனாமா அதிகாரிகள் தவறாக என்ன முடிவெடுத்தார்கள்? குடிநீரைக் காப்பாற்றிக்கொண்டு கப்பலைக் குறைத்தார்கள். நியாயமான முடிவு. ஆனாலும் உலக வணிகத்துக்கு அடி விழுந்தது. முடிவெடுப்பவர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் இருக்கும் தண்ணீரின் அளவு குறைந்துகொண்டே போகிறது. அதை மறைத்துவிட்டு "எல்லாம் ஆட்சியாளர் கையில்" என்று சொல்வது பாதி உண்மை.

இளவேனில்

இழை அருமையாகப் போகிறது. எனக்கு ஒரு கேள்வி. சிரியப் போர் வறட்சியால் வந்தது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். சில கட்டுரைகள் அதை மறுக்கின்றன. எது சரி? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேய்ச்சல்நிலம்

இளவேனில், வறட்சி உண்மை. 2006இன் பிற்பகுதியிலிருந்து சில பருவங்கள் வடகிழக்கு சிரியா வறண்டது. ஹசக்கா மாகாணத்தில் ஏராளமான குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. மனிதரால் நேர்ந்த வெப்பமாதல் அத்தகைய வறட்சிக்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டியது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 2017இல் வேறு சில ஆய்வாளர்கள் அதை எதிர்த்தார்கள். இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது, போராட்டத்தில் அவர்கள் முன்னணியில் இருந்ததற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் வாதம்.

என் கருத்தைக் கேட்டால், 2008 மே மாதத்தைப் பாருங்கள் என்பேன். வறட்சியின் உச்சத்தில் சிரிய அரசு டீசல் மானியத்தை வெட்டியது. லிட்டர் 7 பவுண்டிலிருந்து 25 பவுண்டாக ஏறியது. அங்கே பாசனம் நிலத்தடி நீரில், நிலத்தடி நீர் டீசல் பம்பில். மழை இல்லை, கிணறு ஆழத்துக்குப் போய்விட்டது, இறைக்கும் எண்ணெய்க்கு மூன்று மடங்குக்கு மேல் விலை. அடுத்த ஆண்டு உர மானியமும் போனது. கிணறு ஏன் ஆழத்துக்குப் போனது? பல பத்தாண்டுகளாகக் கோதுமையில் தன்னிறைவு, பருத்தி ஏற்றுமதி என்று அரசே ஊக்கம் கொடுத்து உறிஞ்ச வைத்ததால். அதே வறட்சி ஜோர்தானையும் தொட்டது. அங்கே உள்நாட்டுப் போர் வரவில்லை. 2011 மார்ச்சில் தரா நகரில் தீ பற்றியது சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்து வதைத்ததால். வறட்சி நிலத்தைக் காய வைத்தது என்பது வரை சொல்லலாம். தீப்பெட்டி அரசின் கையில் இருந்தது.

சூடானின் டார்ஃபூரில் நடந்த போருக்கும் இந்தக் கதையைச் சொன்னார்கள். 2007இல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அந்தப் போரின் வேரில் பருவநிலை மாற்றத்துக்கும் பங்கு இருக்கிறது என்று எழுதினார். மழை குறைந்ததும் மேய்ப்பர், உழவர் உரசலும் உண்மையே. ஆனால் ஜன்ஜாவித் என்ற துணைப்படைக்கு ஆயுதம் கொடுத்துக் கிராமங்களை எரிக்க விட்டது கார்ட்டூமில் இருந்த சூடான் அரசு. பழியை வானத்தின் மீது போட்டால் அந்த அரசுக்கு எவ்வளவு வசதி! இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

மாலி இன்னும் தெளிவான சான்று. மொப்தி பகுதியில் நைஜர் ஆறு ஆண்டுதோறும் விரிந்து பரந்து ஓர் உள்நாட்டு டெல்டாவை உண்டாக்குகிறது. வெள்ளம் வடிந்ததும் அதில் பூர்கூ என்ற புல் மண்டிக் கிடக்கும். வறண்ட மாதங்களில் மந்தைகள் அதை நம்பித்தான் வருகின்றன. யார் மந்தை முதலில் இறங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே மாசினா அரசு விதிகள் வகுத்திருந்தது. பின்னால் வந்த அரசுகள் நெல்லுக்கு முன்னுரிமை கொடுத்தன. பூர்கூ விளைந்த பள்ளங்கள் வயல்களாயின. மேலே கட்டிய அணைகளால் வெள்ளமும் குறைந்தது. தகராறு வந்தபோது அதிகாரிகள் இரு தரப்பிடமும் காசு வாங்கிக்கொண்டு வழக்கை இழுத்தார்கள். 2012 கலகத்துக்குப் பிறகு அரசே அங்கிருந்து விலகியது. அந்த வெற்றிடத்தில் ஆயுதக் குழுக்கள் நுழைந்தன. 2019 மார்ச்சில் ஒகோசாகு கிராமத்தில் மேய்ப்பர் இனமான ஃபுலானி மக்கள் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இதை "சஹாராவுக்குத் தெற்கேயுள்ள சாஹேல் பாலையாகிறது, ஆகவே சண்டை" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் அந்த மக்களுக்கு அநீதி செய்கிறார்கள்.

நீர்க்கோடு

தண்ணீர்ப் போர் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது என்று காத்திருந்தேன். நாடுகளுக்கிடையே தண்ணீருக்காகவே நடந்த முழுப்போர் என்று தேடினால், 4,500 ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவின் லகாஷும் உம்மாவும் மோதிக்கொண்டதைத்தான் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அதன் பிறகு பெரும்பாலும் ஒப்பந்தங்கள்தான். இஸ்ரேலும் ஜோர்தானும் முறைப்படி போர் நிலையில் இருந்த பல ஆண்டுகளிலும், இரு தரப்பு நீர் அதிகாரிகள் ஆற்றங்கரையில் மேசை போட்டு ரகசியமாகச் சந்தித்து யார்முக் ஆற்று நீரைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால் "நீர்ப் போர் கிடையாது" என்று ஓய்ந்துவிடவும் முடியாது. 2021 ஏப்ரல் 28ஆம் தேதி கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லையில் நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். கொலோவ்னோய் என்று ஒரு நீர்ப் பகிர்வு மடை. சோவியத் காலத்துக் கட்டுமானம். இஸ்ஃபாரா ஆற்று நீர் அங்கேதான் பிரிகிறது. ஒரு கிளை கிர்கிஸ் பக்கத்து நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இரு நாடுகளும் அந்த மடை தங்களுடையது என்கின்றன. அன்று தஜிக் தரப்பினர் அங்கே ஒரு கம்பத்தில் கண்காணிப்பு கேமரா பொருத்த வந்தார்கள். யார் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கான கேமரா. கிர்கிஸ் மக்கள் எதிர்த்தார்கள். முதலில் வாய்ச்சண்டை, பிறகு கல்வீச்சு. மறுநாள் இரு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொண்டன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள். 2022 செப்டம்பரில் இன்னும் பெரிதாக வெடித்தது.

வசந்த காலத்தில், நடவுக்கு நீர் தேவைப்படும் வாரங்களில் அங்கே உரசல் எழுவது வழக்கம். ஆனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் முப்பது ஆண்டுகளாக எல்லைக் கோடே முழுமையாக முடிவாகவில்லை. தண்ணீர்ச் சண்டை எல்லைச் சண்டையாக மாறியது அதனால்தான். 2025 மார்ச் 13 அன்று பிஷ்கெக்கில் இரு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கொலோவ்னோய் மடையும் அந்தப் பேச்சில் தீர்க்கப்பட்டவற்றுள் ஒன்று. ஆற்றில் நீர் கூடிவிடவில்லை. மத்திய ஆசியாவின் பனிப்பாறைகள் உருகிக்கொண்டுதான் இருக்கின்றன. கோடு முடிவானது, மடைக்கு விதி வந்தது. துலாக்கோல் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இராது.

வடகாற்று

நீர்க்கோடு, நல்ல விவரம். ஆனால் ஒப்பந்தங்களின் மீது நீங்கள் வைக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. அவற்றில் பல, ஆறு என்றும் ஒரே மாதிரி ஓடும் என்று நம்பி எழுதப்பட்டவை.

நைல் நதிக்கு 1959இல் எகிப்தும் சூடானும் போட்ட ஒப்பந்தத்தில் எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். நீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவுக்கு அதில் ஒரு துளியும் இல்லை. அந்த மேசையில் அதற்கு இடமே தரப்படவில்லை. 2011இல் எத்தியோப்பியா 7,400 கோடி கன மீட்டர் கொள்ளளவுள்ள அணையைக் கட்டத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்தும்விட்டது. நீண்ட வறட்சி வந்தால் எவ்வளவு நீரைக் கட்டாயம் திறக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை மூன்று நாடுகளும் ஒப்பிய விதி இல்லை. அணை நிரம்பிய ஆண்டுகளில் மழை ஓரளவு கைகொடுத்தது. அடுத்தடுத்துச் சில ஆண்டுகள் மழை பொய்த்தால் அந்த விதி இல்லாததன் விலை தெரியும்.

ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானை நோக்கி ஓடும் ஹெல்மண்ட் ஆற்றைப் பாருங்கள். ஈரானுக்கு ஆண்டுக்கு 82 கோடி கன மீட்டர் நீர் என்று 1973 ஒப்பந்தம் சொல்கிறது. ஆற்றில் நீரே இல்லை என்கிறது ஆப்கானிஸ்தான். அணையில் தேக்கி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறீர்கள் என்கிறது ஈரான். 2023 மே மாதம் எல்லைக் காவலர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். யார் சொல்வது உண்மை என்று நடுநின்று அளந்து சொல்ல இருவரும் நம்பும் ஒருவர் இல்லை.

சிந்து ஒப்பந்தமும் அப்படித்தான். 1960இல் கையெழுத்தாகி 1965, 1971 போர்களையும் கார்கிலையும் தாண்டி நின்றது. உலகமே அதை முன்மாதிரி என்றது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

நீர்க்கோடு

அந்தக் கடைசிச் சான்று உங்கள் கட்சிக்கு உதவுவதைவிட எங்கள் கட்சிக்குத்தான் உதவுகிறது, வடகாற்று. 2025 ஏப்ரலில் சிந்துவில் நீர் குறைந்ததால் ஒப்பந்தம் நிற்கவில்லை. பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது, அதற்குப் பதிலடியாக ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. நீர் அங்கே காரணமாக வரவில்லை, கருவியாக வந்தது.

இன்னொன்று. ஒப்பந்தம் பாகிஸ்தானுக்கு ஒதுக்கிய மேற்கு ஆறுகளின் நீரை முழுதாகத் தடுத்து நிறுத்தும் தேக்கம் இந்தியாவிடம் இன்று இல்லை. ஆனால் விதைப்புக் காலத்தில் சில நாட்கள் தாமதித்துத் திறந்தாலே கீழே இருக்கும் உழவருக்கு வலிக்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது தகவல் நின்றுபோவது. 2025 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை அனுப்பியது, ஆனால் வழக்கமான சிந்து ஆணையத்தின் வழியாக அல்ல, தூதரகத்தின் வழியாக. அனுப்பியது பாராட்டுக்குரியது. ஆனால் வெள்ளம் வரும் இரவில் அளவீடு ஒரு பொறியாளரிடமிருந்து மறுகரைப் பொறியாளருக்கு நேரே போக வேண்டும். கீழே கரையோரம் இருப்பவருக்கு ஒவ்வொரு மணிநேரமும் முக்கியம்.

அகழ்வோன்

நீரையும் தானியத்தையும் பேசினீர்கள். கனிமங்களில் கதையே வேறு. அங்கே பற்றாக்குறை பெரும்பாலும் மண்ணில் இல்லை.

மோட்டார் காந்தம் போன்றவற்றில் சேரும் அரிய மண் தனிமங்கள் பூமியில் அப்படி ஒன்றும் அரியவை அல்ல. பிரித்தெடுப்பதுதான் பாடு. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவைபோல் வேதிப் பண்புகள் கொண்ட தனிமங்களை அமிலத்திலும் கரைப்பான்களிலும் நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்க வேண்டும். கழிவில் தோரியம்போன்ற கதிரியக்கப் பொருட்களும் வரும். அந்த அழுக்கு வேலையைப் பணக்கார நாடுகள் விருப்பத்தோடு கைகழுவின. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் ஒருகாலத்தில் உலகின் முதன்மைச் சுரங்கம். 2002இல் அங்கே தோண்டுவதை நிறுத்தினார்கள். இன்று சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது.

2010 செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கருகே சீன மீன்பிடிப் படகு ஒன்று ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது, படகின் தலைவரை ஜப்பான் பிடித்து வைத்தது. சில வாரங்களில் ஜப்பானுக்கு வர வேண்டிய அரிய மண் சரக்குகள் துறைமுகங்களில் நின்றுபோயின. ஜப்பான் பாடம் கற்றது. ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் முதலிட்டது, இருப்பு வைத்தது, குறைவாகப் பயன்படுத்தக் கற்றது. மற்றவர்கள் விலை இறங்கியதும் மறந்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்குச் சீனா உரிமம் கட்டாயம் என்றதும், சில வாரங்களுக்குள் கார் ஆலைகளில் சில உற்பத்தி வரிசைகள் நின்றன. காரில் சேரும் அந்த உலோகம் கிராம் கணக்கில்தான். ஆனால் அது இல்லாத காந்தம் மோட்டாரின் சூட்டில் வலுவிழந்துவிடும்.

காங்கோவில் வேறு விதம். ருபாயாவில் தோண்டும் கோல்டான் தாதுவில் இருந்துதான், மின்னணுக் கருவிகளில் சேரும் டான்டலம் என்ற உலோகத்தில் உலகின் கணிசமான பங்கு வருகிறது. 2024இல் அந்தச் சுரங்கப் பகுதியை எம்23 என்ற கிளர்ச்சிக் குழு பிடித்தது, 2025 ஜனவரியில் கோமா நகரத்தையும் பிடித்தது. கையால் தோண்டி, மூட்டையைத் தோளில் சுமந்து இறக்கும் தொழிலாளரிடம் வரி வாங்கியே அந்தக் குழு காசு சேர்க்கிறது. வளம் மலிந்து கிடக்கும் இடத்தில், கேட்பாரில்லாத இடத்தில் நடக்கும் சண்டை இது. பற்றாக்குறைதான் போரைத் தருகிறது என்ற வாய்பாட்டில் இதை எங்கே வைப்பது?

பசுமை ஆற்றலுக்கு மாறினால் எண்ணெய் அரசியல் ஒழியும் என்று நம்புபவர்கள் இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நின்றால் வண்டி மறுநாளே நிற்கும். டிஸ்ப்ரோசியம் நின்றால் புதிய வண்டி வராது, ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கும்.

இளவேனில்

அகழ்வோன் சொன்னதைப் படித்தபோது தைவான் நினைவுக்கு வந்தது. 2020இல் ஒரு சூறாவளியும் அங்கே கரையேறவில்லை. சூறாவளி மழையை நம்பித்தான் அந்தத் தீவின் நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. 2021 வசந்தத்தில் பல தேக்கங்கள் தரைதட்டின. அரசு 70,000 ஹெக்டேருக்கும் அதிகமான வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி இழப்பீடு கொடுத்தது. சிப் ஆலைகள் லாரியில் தண்ணீர் வாங்கி ஓட்டின. போர் எதுவும் இல்லை, கலவரமும் இல்லை. இழப்பீடு கொடுக்க அரசிடம் பணமும் நிர்வாகமும் இருந்தன. அதே வறட்சி அவை இல்லாத நாட்டில் வந்திருந்தால்? என் கேள்விக்கு நானே பாதி விடை கண்டுபிடித்தது போல இருக்கிறது.

துலாக்கோல்

இளவேனில், 2019இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஒரு மதிப்பீடும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. ஒருவரோடொருவர் உடன்படாத ஆய்வாளர்களையே தேர்ந்து கேட்டார்கள். கடந்த நூற்றாண்டில் நாடுகளுக்குள் நடந்த ஆயுத மோதல்களின் ஆபத்தில் 3 முதல் 20 சதவீதம் வரை பருவநிலையின் பங்கு இருக்கலாம் என்றார்கள். வறுமை, அரசின் திறனின்மை, குழுக்களிடையே ஏற்றத்தாழ்வு, பழைய மோதல்கள் ஆகியவை அதைவிடப் பெரியவை. வெப்பம் ஏற ஏறப் பருவநிலையின் பங்கும் ஏறும் என்பதிலும் உடன்பட்டார்கள். வடகாற்றின் வாதத்துக்கு இதில் இடம் இருக்கிறது. கையில் இருக்கும் நீர் குறையக் குறைய, தவறாமல் முடிவெடுப்பது கடினமாகிறது. ஆகவே முடிவெடுக்கும் விதிகள் இப்போதே வேண்டும் என்கிறேன்.

அந்த விதிகளை எழுத வேண்டிய மேசைகளில் நடப்பதுதான் வருத்தம். 2021 டிசம்பரில், பருவநிலையையும் பாதுகாப்பையும் இணைத்துப் பார்க்கும் தீர்மானத்தை அயர்லாந்தும் நைஜரும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் கொண்டுவந்தன. 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா வீட்டோ போட்டது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது, சீனா ஒதுங்கியது. இந்தியாவின் வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. தருவதாகச் சொன்ன பருவநிலை நிதியைத் தராத பணக்கார நாடுகள், விஷயத்தைப் பாதுகாப்பு அவைக்கு மாற்றிவிட்டால் தங்கள் கடன் மறக்கப்படும் என்று கணக்குப் போடலாம். ஆனால் அங்கே நின்று கேட்டது நைஜர், தன் நிலம் வறள்வதைக் கண்ணால் பார்க்கும் நாடு. அதன் குரலை அப்படித் தள்ளியிருக்கக் கூடாது.

வடகாற்று

சரி. விதி வேண்டும் என்கிறீர்கள். எந்த விதி? பொதுவாகச் சொல்லாமல் ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

துலாக்கோல்

ஒன்று சொல்கிறேன். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் 12ஆம் பிரிவு இருக்கிறது. உணவு ஏற்றுமதியைத் தடுக்கும் நாடு, இறக்குமதி செய்யும் நாடுகளின் உணவுப் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும், முடிந்தவரை முன்னதாகவே அறிவிக்க வேண்டும், கேட்டால் கலந்து பேச வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்கு முன்னால் என்று சொல்லவில்லை. மீறினால் என்ன என்பதும் தெளிவில்லை. வளரும் நாடுகளில், அந்தப் பொருளை நிகரமாக ஏற்றுமதி செய்பவை தவிர மற்றவற்றுக்கு விலக்கும் உண்டு. இந்தியா 2022 மே மாதம் கோதுமைக்கும் 2023 ஜூலை 20 அன்று வெள்ளை அரிசிக்கும் விதித்த தடைகள் உடனடியாக நடைமுறைக்கு வந்தன. இந்தோனேசியா 2022இல் பாமாயிலை நிறுத்தியபோது கிடைத்த அவகாசம் சில நாட்கள்தான். தத்தம் மக்களைக் காக்கும் கடமை அந்த அரசுகளுக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்று ஒரு வரி இருந்தால், வாங்கும் நாடு நள்ளிரவில் பதறிப்போய் டெண்டர் விடாது.

2022 ஜூனில் ஜெனீவாவில் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுமதித் தடை பற்றி ஒன்றில் உடன்பட்டன. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரணத்துக்காக வாங்கும் தானியத்துக்கு எந்த நாடும் தடை போடுவதில்லை என்று முடிவானது. மற்ற இறக்குமதியாளர்களுக்கு அந்த உறுதி இல்லை.

வடகாற்று

முன்னறிவிப்பு கொடுத்தால் அந்த முப்பது நாளில் வணிகர்கள் கிடங்கைக் காலி செய்து கப்பலேற்றிவிடுவார்கள், பிறகு தடை போட்டு என்ன பயன் என்று ஏற்றுமதி நாடுகள் கேட்கும். அதற்கு விடை வேண்டும்.

துலாக்கோல்

கேட்பார்கள். அந்த முப்பது நாளுக்கு மட்டும், முந்தைய ஆண்டுகளின் சராசரி அளவுக்கு மேல் கப்பலேறக் கூடாது என்று ஒதுக்கீடு வைக்கலாம். நாடுகள் இருப்பு விவரத்தை மறைக்காமல் தர வேண்டும். அதற்கென்று 2011இல் ஜி20 நாடுகள் தொடங்கிய வேளாண் சந்தைத் தகவல் அமைப்பு கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா ஆகியவற்றின் நிலவரத்தை வெளியிட்டு வருகிறது. அரசுக் கிடங்குகளில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் இன்னும் இருட்டு. உலகின் கோதுமை இருப்பில் பாதி சீனாவில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், மதிப்பீடுதான். ஒதுக்கீட்டை எந்த ஆண்டுகளின் சராசரியில் வைப்பது என்று தானிய வணிகம் தெரிந்தவர்கள் யாராவது இங்கே எழுதினால், அதிலிருந்து தொடரலாம்.